பாத்திரம் இல்லாதவர்களுக்கு மாவு கிடையாது

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது நாலு பேரை. பெற்றது மூன்று, நாலாவது என் நாத்தனார் கண்ணை மூடும்போது என் இடுப்பில் விட்டுப் போனது. அதில் எது என் வயிற்றில் பிறக்காதது என்று கேட்பவர்களுக்கு இன்று வரை நான் பதில் சொன்னதில்லை. ஒருத்தி கனடாவில் இருக்கிறாள், ஒருத்தி மாடம்பாக்கத்தில், ஒருவன் கேளம்பாக்கத்தில். கடைசிப் பையன் என் தலைக்கு மேல் மாடியில் இருக்கிறான். வந்து பார்க்கிற விஷயத்தில் கனடாவுக்கும் கேளம்பாக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பஸ் போர்டு படிப்பேன். கல்யாணப் பத்திரிகையில் எங்கள் குடும்பத்துப் பெயர் விட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். ‘மாவு உண்டு’, ‘மாவு இல்லை’ என்று சிலேட்டில் எழுதுவேன். என் பிழைப்புக்கு அதற்கு மேல் எழுத்து தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டிருக்கிறது. ஒரு கதையின் கடைசி அத்தியாயம் எனக்கு வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால்தான் தருவோம் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். அந்தக் குழுவில் வாரா வாரம் புது ஆட்கள் சேர்கிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கார் வாங்கப் போவதாகச் சொல்லி முன்னால் ஒரு ஷெட் கட்டினார். கார் வரவில்லை, கிரைண்டர் வந்தது. இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் மாமனார் நெல் விளைத்த நிலத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நெல்லைவிட அந்த மாடிகளால்தான் எனக்கு வருமானம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள், அரைக்கத் தெரியாதவர்கள். நல்ல ஜனங்கள்.

ஒரு குறை உண்டு. வெறுங்கையோடு வருவார்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது என்று ஆன பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன்: பாத்திரம் கொண்டு வந்தால்தான் மாவு. காரில் வந்து இறங்கி, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், “ஆன்ட்டி, ஏதாவது கவர்ல போட்டுக் குடுங்களேன்” என்பார்கள். நான் சிலேட்டைக் காட்டுவேன். சிலேட்டில் அது எழுதியிருக்காது. ஆனாலும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இனி போன் கதை. கனடாக்காரி லீவுக்கு வந்தபோது இங்கே ஒரு சிம் போட்டு, பழைய போன் ஒன்றில் வைத்திருந்தாள். திரும்பிப் போகும்போது போனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வாடிக்கைக்காரர்கள் மாவு இருக்கிறதா என்று கேட்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த நம்பரையே கடைக்கு வைத்துக்கொண்டேன். அதில் அவள் சேர்ந்திருந்த ஒரு குரூப் அப்படியே கிடந்தது எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை உளுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது போன் கூப்பிட்டது. ஏதோ ஒரு அம்புக்குறியை அமுக்கினேன். ஒரு பெண் கதை படிக்க ஆரம்பித்தாள். யாழ்ப்பாணத்துத் தமிழ். நார்வே என்கிற ஊரில் இருந்து படிக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது நான் ரேடியோ என்று நினைத்தேன்.

அது அச்சில் வராத கதையாம். எழுதியவர் யார், எந்த ஊர் என்று நார்வேக்காரிக்கு மட்டும் தெரியும். அவரிடமிருந்து அத்தியாயம் அத்தியாயமாக வரும், இவள் சனிக்கிழமை தோறும் படித்து அனுப்புவாள், மலேசியாவில் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், கத்தாரில் கிரேன் ஓட்டுகிற ஒரு தஞ்சாவூர்ப் பையன், கனடா நம்பரில் என் மகள் மாதிரி சிலர், இன்னும் எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். தாம்பரத்திலிருந்து நான்.

கதை இதுதான். வரப்போகிற ஒரு காலம், ஒரு ஊர். அங்கே ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கக் கிண்ணம், அடியில் நம்பர் வெட்டியது. கஞ்சி, தண்ணீர், மருந்து எல்லாம் அதில்தான் ஊற்றுவார்கள். கிண்ணம் இருந்தால் ஆள். தொலைந்தால் ஆள் இல்லை, பெற்றவளே வந்து ‘இது யாரென்று எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு பெண் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறாள்.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. ரேஷன் கார்டு தொலைந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவளா நான்? பாத்திரத்தில் நம்பர் வெட்டுவது என்ன அதிசயம்? எங்கள் வீட்டில் டம்ளர் வரைக்கும் பெயர் வெட்டியிருக்கிறது. இந்த மாதிரிக் கதைக்கு அவர்கள் ஒரு இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள், வாத்தியார் அதற்குத் தமிழில் இன்னும் கஷ்டமாக ஒன்று சொல்வார். நான் கெட்ட காலத்துக் கதை என்று வைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லாரும் இது வரப்போகிற காலம் என்று பயந்துகொண்டிருந்தார்கள். நான் போன காலம் என்று நினைத்து நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேட்கக் கேட்க ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தைத் தொலைத்தவள் இல்லை. அவள் அஜாக்கிரதை. எனக்குப் பிடித்தது கஞ்சி ஊற்றுகிறவள், அகப்பைக்காரி. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற கிண்ணத்தின் அடியைத் திருப்பி நம்பர் பார்த்து ஊற்றுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். குழுவில் எல்லாரும் அவளைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் அவள் வரும் இடங்களில் கை தானாகக் கிரைண்டரை நிறுத்தும்.

இப்படி நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தவள் பேச ஆரம்பித்தது ஒரு தவறால்தான். ஐந்து மாடியில் மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி வெறுங்கையோடு வருவதையே வழக்கமாக வைத்திருந்தாள். அவளுக்கு என்று நினைத்து போனில் மைக்கை அமுக்கிப் பேசினேன்:

“இன்னைக்கு மாவு காலி. பாத்திரம் கொண்டாராதவங்களுக்கு நாளைக்கும் கெடையாது. வரிசையில நிக்கிறதுன்னா ஒழுங்கா நிக்கணும். எட்டி எட்டி அண்டாவப் பாத்துகினு இருந்தா ஊத்துறவளுக்குக் கை ஆடும்.”

அது மூன்றாம் மாடிக்குப் போகவில்லை. உலகத்துக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் மலேசியா வாத்தியாரின் குரல் வந்தது. பேச்சு இல்லை அது, மேடைப் பேச்சு. சென்னை அம்மையார் அதிகாரத்தின் குரலை உள்ளே இருந்து பேசிக் காட்டிவிட்டார், ஒரே மூச்சில் முழு நாவலையும் சொல்லிவிட்டார் என்றார். கத்தார்ப் பையன் கைதட்டுகிற படம் வரிசையாக அனுப்பினான். ‘பாத்திரம் கொண்டு வராதவர்களுக்கு மாவு கிடையாது’ என்பதை யாரோ அழகான எழுத்தில் எழுதி, குரூப்புக்கு முகப்புப் படமாகவே வைத்துவிட்டார்கள்.

மாவு இல்லை என்று சொன்னதற்கு இத்தனை பாராட்டு எனக்கு இதற்கு முன்னால் கிடைத்ததில்லை. ஏன் என்று புரியவில்லைதான். பாராட்டை நிறுத்திக் காரணம் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் என் அபிப்பிராயம் கேட்டார்கள். நானும் சொன்னேன். ஒருமுறை வாத்தியார், அந்தப் பெண் பாத்திரம் சற்றுத் தட்டையாக இருக்கிறதே, அம்மையார் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பெண் பாத்திரம் என்றால் சின்னக் கிண்ணமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தட்டையாக இருந்தால் நல்லதுதான், அடி வரைக்கும் தெரியும், ஆழமாக இருந்தால் அடியில் புளித்துப்போனது யாருக்குத் தெரியும் என்றேன். வாத்தியார், தன் நாற்பது வருஷக் கருத்தை மறுபடி யோசிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். இன்னொரு நாள் கத்தார்ப் பையன், கதையில் வருகிற அதிகாரி பாத்திரத்துக்குள் ஒன்றுமே இல்லையே அம்மா என்று குறைப்பட்டுக்கொண்டான். ஒன்றும் இல்லாவிட்டால் கழுவி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றேன். அதையும் ஒருவர் படமாகப் போட்டார்.

அவர்கள் பாத்திரம் பாத்திரம் என்று பேசப் பேச எனக்கும் குஷியாக இருந்தது. படித்தவர்கள்கூட இவ்வளவு அக்கறையாகப் பாத்திரங்களைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அகப்பைக்காரி விஷயத்தில்தான் சண்டை வந்தது. எல்லாரும் அவளைக் கொலைகாரி என்றார்கள். நான் விடவில்லை. அப்போது நார்வேக்காரி பேசினாள். அதுவரை கதையை மட்டும் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவள்.

“அன்ரி, நீங்கள் எப்பிடி அவவின்ர பக்கம் நிண்டு கதைக்கிறியள்? அவ சனத்தைப் பட்டினி போட்டவ.”

“அவ போடலம்மா. அண்டாவுல இல்ல. இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆள முன்னால நிக்க வச்சிட்டாங்க. இல்லன்னு சொல்றவளத்தான் ஜனம் பாக்கும். காலி பண்ணவன் உள்ள ஒக்காந்துகினு கீறான்.”

இதற்கும் கைதட்டு வந்தது. நான் கெத்தாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நார்வேக்காரியிடமிருந்து இன்னொன்று வந்தது. சின்னதாக, மெதுவாக.

“நான் அந்த வரிசையில நிண்டனான் அன்ரி. சண்டை நேரம். எங்களிட்டப் பாத்திரம் இருக்கேல்ல, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். சொப்பின் பையிலதான் கஞ்சி வாங்கினனாங்கள். ஊத்தினவ முகத்தைப் பாக்கேல்ல எண்டது உண்மைதான். ஆனா பையில ஊத்தினவ.”

சொப்பின் பை என்றால் பிளாஸ்டிக் கவர். மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதாவது, நான் தர மாட்டேன் என்கிறேனே, அது.

அந்த வாரம் நான் ஒன்றும் பேசவில்லை. அம்மையார் மௌனம் காக்கிறார், அதுவே ஒரு விமர்சனம் என்று வாத்தியார் சொன்னார். முகப்புப் படத்தில் இருந்த என் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அது இப்போது உங்களுடையது இல்லை அம்மா, குழுவினுடையது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தாலுகா ஆபீஸிலும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

கடையில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்க, எவர்சில்வர் தூக்கு சிலது வாங்கிப் பெயர் வெட்டி வைத்தேன். எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. ஒன்றுதான் திரும்பி வந்தது. அதுவும் என்னுடையது இல்லை, யாரோ ஒருத்தியின் சீமந்தத்துக்குக் கொடுத்த தூக்கு, வேறு பெயர் போட்டது.

கதை முடிவுக்கு வந்தது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஊரே சமையற்கூடத்துக்கு வெளியே திரண்டு நிற்கிறது. கிண்ணம் தொலைத்தவளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். உள்ளே அகப்பைக்காரி, அவள் பக்கத்தில் காலி அண்டா. அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதோடு நார்வேக்காரி நிறுத்திவிட்டாள். அந்தக் கை திறந்ததா, இன்னும் இறுக்கிப் போட்டதா? எனக்கு அது தெரிய வேண்டும். மாவுக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று ஒருநாள் மறந்துபோகிற அளவுக்கு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் ஒரு அறிவிப்புச் செய்தார். குழுவில் பல பேர் சும்மா கேட்டுவிட்டுப் போகிறார்கள், எழுதியவருக்கு நாலு வார்த்தை சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் கதையில் ஏதாவது ஒரு பாத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியவர்களுக்குக் கடைசி அத்தியாயம் அனுப்பப்படும், எழுதாதவர்களுக்குக் கிடையாது. குரலில் சொன்னால் செல்லாது, எழுத்தில் வர வேண்டும். நம் சென்னை அம்மையார் அன்றே சொல்லியிருக்கிறார், பாத்திரம் கொண்டு வராதவர்களுக்கு மாவு கிடையாது. அதுதான் நமக்கு விதி.

நான் போட்ட சட்டம். வரிசையில் நிற்பதும் நான்.

மகளுக்குப் போன் செய்தேன். என்னிடம் இருக்கிற பாத்திரங்களில் எதைப் பற்றி எழுதலாம், அண்டாவா, சீர் வந்த பித்தளைக் குடமா என்று யோசனை கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“இன்னாடி சிரிக்கிற?”

“அம்மா, பாத்திரம்னா அவங்க சொல்றது குண்டான், தூக்கு இல்லம்மா. கதையில வர்ற ஆளு. கேரக்டர்.”

“அந்தப் பொண்ணு கேரக்டர்ல இன்னா குத்தம்? தொலைச்சது கிண்ணத்தத்தானே, மானத்தயா தொலைச்சா?”

அவள் மறுபடி சிரித்து, ஒவ்வொன்றாக விளக்கினாள். தட்டை என்றால் என்ன, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் என்ன, நான் சொன்னதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று. எனக்கு முகம் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். வருத்தம் இல்லை. இத்தனை பேர் இத்தனை மாதம் தப்பாகப் புரிந்துகொண்டு நன்றாக இருந்திருக்கிறோம். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் சரியாகப் புரிந்துகொண்டு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

“விடும்மா, நானே ஒரு பக்கம் எழுதி உன் பேர்ல அனுப்பிடறேன். யாருக்குத் தெரியப் போகுது” என்றாள்.

“நீ வாரா வாரம் கேட்டியா?”

“எங்கம்மா நேரம்? பாதி கேக்கல.”

“அப்ப உனக்கே கெடையாது” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத்து என் கைக்கு வராது. மாடியில் மருமகள் ஒரு வழி காட்டினாள். போனில் பேசினால் அதுவே எழுதுமாம். பேசிப் பார்த்தேன். நம் பேச்சு அதற்கு ஏறவில்லை. ‘வூடு’ என்றால் வேறு என்னவோ எழுதுகிறது, ‘கீது’ என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் கீதா என்று ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியது. நார்வேக்காரி படிக்கிற மாதிரி, புத்தகத்தில் இருக்கிற மாதிரிப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. இத்தனை மாதம் கேட்டதில் அந்த நடை நாக்கில் ஒட்டியிருக்கிறது. ஆட்கள் பேசியதை மட்டும் மருமகள் விரலால் தட்டிக் கொடுத்தாள். மற்றதைப் படிக்கிறவர்கள் சேலையூர்க்காரி இப்படியா பேசுவாள் என்று சந்தேகப்பட வேண்டாம். போன் வேறு எதற்கும் மசியவில்லை.

இனி வாத்தியார் கேட்டது. நான் எடுத்துக்கொள்ளும் பாத்திரம் அகப்பைக்காரி. அவளையும் தட்டை என்று நினைக்கிறவர்கள் அவளை வரிசையில் நின்று பார்த்தவர்கள். நான் அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறவள். மாவு தீர்ந்த நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொள்வேன். வெளியே பேசுவது கேட்கும். ‘கிழவிக்குத் திமிரு’ என்பார்கள். ‘இன்னும் உள்ள வச்சிருக்கும், தெரிஞ்சவங்களுக்கு’ என்பார்கள். இரண்டும் உண்மைதான், கொஞ்சம் வைத்திருப்பேன். அகப்பைக்காரிக்கு அதுகூட இல்லை. திமிர் மட்டும்தான் அவளிடம் மிச்சம். அதைப் பார்த்து நீங்கள் கொலைகாரி என்கிறீர்கள்.

நானாக இருந்தால் தாழ்ப்பாளைத் திறந்திருப்பேன் என்று எழுதினால் எல்லாருக்கும் பிடிக்கும். அப்படி எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. என் ஷட்டருக்கு வெளியே நிற்கிறவர்கள் பசியோடு நிற்கவில்லை, தோசை இல்லாவிட்டால் போனில் ஏதாவது வரவழைத்துக்கொள்வார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் அப்படி இல்லை. நார்வேக்காரிக்கு ஊற்றியவள் பையில் ஊற்றினாள். நம்பர் பார்த்தாளா, சட்டம் பார்த்தாளா, தெரியாது. நான் அவள் இல்லை. இதை நான் இவ்வளவு நாள் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, இப்போது எழுத்தில் சொல்கிறேன். குரலில் சொன்னால் செல்லாது என்று விதி இருக்கிறதே.

நான் முதலில் பேசியது தூக்கையும் கிண்ணத்தையும் பற்றித்தான், கதையில் வரும் ஆட்களைப் பற்றி இல்லை. பாராட்டியவர்கள் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வாத்தியார் தன் நாற்பது வருஷக் கருத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். நான் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆழமான பாத்திரத்தில் அடியில் புளிக்கத்தான் செய்யும், எந்தப் பாத்திரமாக இருந்தாலும்.

ஒரு பக்கம் கேட்டீர்கள், அதற்கு மேலேயே ஆகிவிட்டது. கடைசி அத்தியாயத்தை அனுப்பவும். எழுத்தில் வேண்டாம், நார்வேக்காரி படித்து அனுப்பட்டும். அவள் படிக்க மனம் இல்லை என்றால் பரவாயில்லை, காத்திருக்கிறேன். வேறு யார் படித்தும் எனக்கு வேண்டாம்.

மாடியிலிருந்து பேத்தி இறங்கி வருகிறாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற பெண், தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் வேகத்துக்கு அதுதான் சரி.

“இங்க வாடி கண்ணு, ஒக்காரு. இது நான் சொன்னதத்தான் எழுதிச்சா, அதுவா எதனா சேத்துகிச்சான்னு பாக்கணும். அவசரமே இல்ல, மொதல்லருந்து படி.”